வாள்காரர் போட்ட கொழுக்கட்டைக் கடை

ஒரு ஊர்ல ஒரு வாள்காரர் இருந்தார். நம்ம ஊர்ல இல்ல தங்கம், கடலுக்கு அந்தாண்ட, ஜப்பான்ல. பேரு மொன்ஸோ. சிரிக்காத, அங்க அப்படித்தான் பேரு வைப்பாங்க. இடுப்புல ரெண்டு வாள், உச்சந்தலையில குடுமி. அவர் தெருவுல வந்தா குடியானவங்க எல்லாம் தொப்பு தொப்புன்னு மண்ணுல விழுந்து கெடக்கணும். தலையத் தூக்கினா போச்சு. கேக்குறியா?

ம்.

அப்போ அந்த நாட்டு ராஜாவுக்குப் புது ஆசை வந்துடுச்சு. ரயிலு விடணும், பீரங்கிக் கப்பல் கட்டணும், பெரிய பெரிய தேசத்தோட மல்லுக்கு நிக்கணும். "இனிமே வாள்காரங்களுக்கு அரமனை அரிசி கெடையாது. சண்டைக்கு எல்லா வீட்டுப் பையனும் வரணும்"னுட்டார். மொன்ஸோவுக்கு வேலையும் போச்சு, சோறும் போச்சு. வீட்டுல மிச்சம் ஒரே மூட்டை அரிசி. அது தீந்தா அவரோட மக நாட்சு பட்டினிதான். அம்மா இல்லாத பொண்ணு வேற. "எம்பொண்ண பசியில விடமாட்டேன்"னு மொன்ஸோ வைராக்கியமா எந்திரிச்சார். அரிசிய இடிச்சு, நம்ம கொழுக்கட்டை மாதிரி உருட்டி, வேகவச்சு, வாசல்ல கடை போட்டார்.

கமகமன்னு வாசனை. ஆளுங்க வந்தாங்க. வாளைப் பாத்தாங்க. தொப்பு! எல்லாரும் குப்புற விழுந்துட்டாங்க. குப்புறக் கெடக்குறவன் எப்படிக் கொழுக்கட்டை வாங்குவான், சொல்லு?

அப்புறம் மறுநாள் வாளை அவுத்துப் பொட்டியில வச்சார். இடுப்புல வாள் கனம் இல்லாம நடையே கோணிக்கிச்சு. அப்பவும் குடுமியப் பாத்துட்டுத் தொப்பு! நாட்சு கத்தரிக்கோல் எடுத்துட்டு வந்தா. "அப்பா, உக்காருங்க." சரக்! குடுமி அவ கையில. பாவம், அம்மாம் பெரிய மனுசன் அழுதுட்டார்.

மூணாம் நாள் ஒருத்தரும் விழல. ஜின்தான்னு ஒரு குடியானவர் கிட்ட வந்தார். மொன்ஸோவுக்குத் தெரிஞ்சதெல்லாம் அதட்டல்தானே? "டேய்! தின்னு!"ன்னார். ஜின்தா திடுதிடுன்னு ஓட்டம். "குனிஞ்சு, வாங்கன்னு கூப்பிடணும்ப்பா"ன்னா நாட்சு. அன்னிக்கெல்லாம் மொன்ஸோ சுவத்தப் பாத்துக் குனிஞ்சு பழகினார். முதுகு மடக் மடக்னுச்சு. வளையத்தான் இல்ல.

தூங்கிட்டியா?

ம்ஹும்.

அப்புறம் மூட்டையில கடைசிப் படி அரிசி. அதையும் இடிச்சு வேகவச்சுட்டு ஒக்காந்திருக்கார். ஜின்தா திரும்ப வந்து எட்டவே நின்னார்.

"எனக்கில்லீங்க சாமி, எம்மவனுக்கு. நாளைக்கு அவனப் பட்டாளத்துக்குக் கூட்டிட்டுப் போறாங்க. இதத் திங்கணும்னு ஆசப்படுறான்."

"அவனுக்குச் சண்டை தெரியுமா?"

"மம்பட்டி புடிக்கத்தான் தெரியும், சாமி."

மொன்ஸோ நெனச்சுப் பாத்தார். நாம நிக்க வேண்டிய எடத்துல இவர் புள்ள போய் நிக்கப்போறானேன்னு. அப்போ குனிஞ்சார் பாரு! நெத்தி மண்ணுல படுற வரைக்கும் குனிஞ்சார். "வாங்க, ஐயா. எடுத்துக்குங்க"ன்னார்.

ஜின்தா பதறிட்டார். "ஐயோ, எந்திரிங்க!" மொன்ஸோ எந்திரிக்கல. தெருவே அதப் பாத்துச்சு. அப்புறம் ஒருத்தர், ரெண்டு பேரு, பத்துப் பேருன்னு கிட்ட வந்தாங்க. சட்டி காலி! வந்த காசுல அரிசி வாங்கி ஆக்க, அன்னிக்கு நாட்சு வயிறு முட்டத் தின்னா. கடையும் நெலச்சுடுச்சு.

பட்டாளத்துக்குப் போன அந்த அண்ணன் திரும்பி வந்தானா?

அத அந்த ராஜாவத்தான் கேக்கணும். மொன்ஸோ மட்டும் தெனமும் மொதக் கொழுக்கட்டைய எடுத்து, அவனுக்குன்னு தனியா மூடி வச்சார்.

கதை கரை சேந்தாச்சு தங்கம், கண்ண மூடு.