மருதாயியின் நெருப்பும் துமியனின் தூக்கமும்

காட்டை ஒட்டிய ஒரு குளக்கரையில் மருதாயி என்ற வெள்ளெலி வளை தோண்டி வாழ்ந்து வந்தாள்.

ஒருநாள் காட்டுப்பூனை அசுத்தம் செய்துவிட்டுப் போன இடத்தில் சாமை சிதறிக் கிடந்தது. நல்ல பசி. மருதாயி மோந்துகூடப் பார்க்காமல் தின்றுவிட்டாள்.

சாமையோடு கண்ணுக்குத் தெரியாத ஒட்டுண்ணிக் கூட்டமும் அவள் வயிற்றுக்குள் இறங்கியது. பெருகுவதுதான் அவற்றின் தொழில். ஒன்று இரண்டாகும், இரண்டு நான்காகும். சில நாட்களில் ஈரல், நுரையீரல், தசை என்று ஒரு இடம் விடாமல் பரவிவிட்டன. மருதாயி காய்ச்சலில் சுருண்டு விழுந்தாள்.

எந்த உடம்புக்குள்ளும் ஒரு நெருப்பு உண்டு. மூச்சில் வரும் காற்றையே கொள்ளியாக்கிப் பகைவன்மேல் எறியும் நெருப்பு அது. மருதாயி அதை மூட்டினாள். ஒட்டுண்ணிகள் கும்பல் கும்பலாகக் கருகின. ஆனால் கொள்ளிக்குப் பகைவன் யார், சொந்தச் சதை யார் என்று தெரியாதே. அவளுடைய ரோமமும் கொட்டியது. பின்னங்கால்கள் நடுங்கின. இருந்தும் அவள் விடவில்லை.

அந்த ஒட்டுண்ணிக் கூட்டத்தில் துமியன் என்று ஒருவன் இருந்தான். உடன்பிறந்தவர்கள் சூட்டைப் பொருட்படுத்தாமல் பெருகிக்கொண்டே போய் வெந்து மடிவதை அவன் பார்த்தான். அவன் முதுகிலும் சூடு பட்டது. அந்தச் சூட்டில் அவன் உடம்பு தானாகவே மாறத் தொடங்கியது. வேகம் தணிந்தது. பிளவு நின்றது. மருதாயியின் தொடைச் சதைக்குள் தன்னைச் சுற்றிக் கெட்டியான சுவர் ஒன்றை எழுப்பி, உள்ளே சுருண்டு படுத்துக்கொண்டான். நெருப்பு சுவரைத் தடவிப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போயிற்று.

காய்ச்சல் விட்டது. மருதாயி நெருப்பைத் தணித்து, சின்னதாக எரியவிட்டு எழுந்து நடந்தாள்.

பிறகு கோடை வந்தது. குளம் வற்றியது, புல் காய்ந்தது. கிடைக்கிற இரண்டு தானிய மணியில் ஒரு மணி அந்த நெருப்புக்கே தீனியாகப் போனது. பாதி வயிற்றோடு படுத்திருந்தவளுக்குத் தொடையிலிருந்து ஒரு குரல் கேட்டது.

"வீட்டுக்காரம்மா, எதற்கு இந்த வீண் செலவு? நெருப்பை அணைத்துவிடுங்கள்."

மருதாயி திடுக்கிட்டாள். யார் என்று கேட்டாள். துமியன் ஒளிக்காமல் தன் கதையைச் சொன்னான். நான் பழைய துமியன் இல்லை, திருந்திவிட்டேன், எந்நேரமும் தூக்கம்தான், யாருக்கும் தொல்லை இல்லை என்றான். குரலில் பொய் இருப்பதாக அவளுக்குத் தோன்றவில்லை. அவனுமே அதை நம்பினான்.

மருதாயியைப் பசி ஒருபக்கம் இழுத்தது, பயம் மறுபக்கம் இழுத்தது. கடைசியில் கேட்டாள்:

"உன்னை மாற்றியது எது?"

"நெருப்புதான்."

"அப்படியானால் நெருப்பு போனபின் நீ யார்?"

"அணைத்துப் பாருங்கள்" என்றான் துமியன்.

மருதாயி முழுக்க அணைக்கவில்லை. ஒரு பகல்பொழுது மட்டும் கங்கு அளவுக்குக் குறைத்துவிட்டு, தொடையின்மேல் கவனத்தை வைத்துக் காத்திருந்தாள். உச்சிவேளைவரை அசைவில்லை. வெயில் சாயத் தொடங்கியதும் உள்ளே ஏதோ விரிசல் விடுவதுபோல் இருந்தது. சுவர் இளகிக்கொண்டிருந்தது. உள்ளே ஒருவனாக இருந்த துமியன் இருவராகியிருந்தான். இருவரும் நால்வராகப் பிரிய முறுக்கிக்கொண்டு நின்றார்கள்.

மருதாயி உடனே நெருப்பைத் தூண்டினாள். சூடு பட்டதும் பிளவு நின்றது. இளகிய சுவர் மறுபடி இறுகியது.

"தூங்குவதாகச் சொன்னாயே" என்றாள் அவள்.

சுவருக்குள்ளிருந்து மெதுவாகப் பதில் வந்தது. "பொய் சொல்லவில்லை அம்மா. சூடு குறைந்தது எனக்கே தெரியாது. உடம்புக்குத் தெரிந்துவிட்டது."

அவளுக்குக் கோபம் வரவில்லை. பெருந்தீ மூட்டி அவனை அழித்துவிடலாமா என்றும் நினைத்தாள். ஆனால் சுவரை உடைக்கும் தீ தன்னையும் சேர்த்தே எரித்துவிடும் என்பது உதிர்ந்த ரோமத்திலேயே தெரிந்தது. அன்றிலிருந்து கிடைப்பதில் ஒரு மணியை முதலில் நெருப்புக்குப் போட்டாள்; மிச்சத்தைத்தான் தின்றாள். மெலிந்தாள். ஆனாலும் மழைக்காலம் வந்து குளம் நிரம்பியபோது, புதுப் புல்லைக் கடித்துக்கொண்டு கரையில் உயிரோடு இருந்தாள். துமியனும் உள்ளே இருந்தான், தூக்கத்தில்.

சூட்டுக்குப் பயந்து மாறியவனுக்கு மாறுவது உருவம் மட்டுமே. அவனை நம்பி நெருப்பை அணைப்பவன் தன் வீட்டையே அவனுக்குத் திறந்து விடுகிறான்.