முப்பத்தேழாம் கல்

"இருபது வருசமா வயக்காட்டுல நிக்கேன் மேடம். என் கண்ணை நம்பக் கூடாது, இந்த எண் புத்தகத்தை நம்பணும்னா அது என்ன நியாயம்?"

கேட்டவர் பலவேசம். விளைச்சல் கணக்கெடுக்கும் அளவையாளர். வயது ஐம்பதை நெருங்குகிறது. புள்ளியியல் படித்தால்தான் பதவி உயர்வு என்று துறை பிடித்துத் தள்ளியதால், பேராசிரியர் ஜெயசீலியின் முன்னால் வந்து உட்கார்ந்திருந்தார். ஜெயசீலிக்கு முப்பத்துமூன்று. அதுவும் பலவேசத்துக்குக் கொஞ்சம் உறுத்தல்தான்.

அந்தப் புத்தகத்தில் இருந்ததெல்லாம் எண்கள், ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத எண்கள். கண்டபடி ஒரு பக்கத்தைத் திறந்து, அதில் கிடைக்கும் எண்ணின்படி வயலுக்குள் இத்தனை அடி நீளவாக்கில், இத்தனை அடி அகலவாக்கில் நடந்து, போய்ச் சேர்ந்த இடத்தில் முளைக்குச்சி அடிக்க வேண்டும். அங்கே விளைந்ததை அறுத்து எடை போட வேண்டும். ஊருக்கு நான்கு வயல். அந்த நான்கின் சராசரிதான் ஊரின் விளைச்சல்.

ஜெயசீலி மூலையில் கிடந்த சாக்கைத் தரையில் கவிழ்த்தார். நூறு ஜல்லிக்கற்கள். ஒவ்வொன்றிலும் சிவப்பு மையில் ஓர் எண்.

"இந்தக் குவியலுக்கு நல்ல மாதிரியா பத்துக் கல் எடுங்க சார். உங்க கண்ணாலேயே."

பலவேசம் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். மகளுக்கு மாப்பிள்ளை பார்ப்பதுபோல் ஒவ்வொரு கல்லாகப் புரட்டிப் பார்த்து எடுத்தார்.

தராசில் வைத்தார்கள். சராசரி ஐம்பத்தைந்து கிராம்.

"நூறு கல்லுக்கும் சேர்த்துச் சராசரி நாற்பத்திரண்டு" என்றார் ஜெயசீலி.

"இன்னொரு தடவை பாக்கேன் மேடம்."

இந்தத் தடவை ஐம்பத்தொன்று. பலவேசம் தராசை முறைத்தார். தராசு என்ன செய்யும், பாவம்.

ஜெயசீலி எண் புத்தகத்தைத் திறந்து வாசிக்க, பலவேசம் கற்களைத் தேடினார்.

"எண்பத்தொண்ணு."

எடுத்து வைத்தார்.

"பதினாலு."

எடுத்து வைத்தார்.

"முப்பத்தேழு."

முப்பத்தேழு ஒரு சில்லு. புளியங்கொட்டையைவிடக் கொஞ்சம் பெரிசு, அவ்வளவுதான். பலவேசத்தின் கை அதன்மேல் போய் ஒரு கணம் நின்றது. பிறகு பக்கத்துக் கல்லை எடுத்து வைத்தது.

"அது அறுபதாம் கல்லு சார்."

பலவேசம் தன் கையைப் பார்த்தார்.

"இது பொடிக்கல்லு மேடம். இதைப் போய்க் கணக்குல..."

காது மடல் சுட்டது. குனிந்த தலை நிமிரவில்லை.

"எந்த ஊர்ல இப்படிச் செஞ்சீங்க சார்?" என்று மெதுவாகக் கேட்டார் ஜெயசீலி.

"உவரிக்குளம்."

பலவேசம் அறுபதாம் கல்லைத் தராசிலிருந்து எடுத்துக் கீழே வைத்தார்.

"இசக்கியம்மான்னு ஒரு அம்மா. கம்பு போட்டிருந்தா. எண்ணு உவர்மண் மூலையில போய் விழுந்துது. அங்க ஒரு பயிர் இல்ல. 'அதை அளக்காதீக சார், பொழப்பு சிரிப்பா சிரிச்சிரும், இங்கன நல்லா இருக்கு வாங்க'ன்னு முந்தானையால வாயப் பொத்திக்கிட்டு நின்னா. வீட்டுக்கு வந்தவனுக்கு நல்ல பாயை விரிக்க மாதிரி. எனக்கும் சங்கடமாப் போச்சு. குச்சியப் பிடுங்கிப் பத்தடி தள்ளி அடிச்சேன்."

"எவ்வளவு வந்துது?"

"ஆறு கிலோ. மத்த மூணு வயலும் மூணு, நாலு, மூணு. சராசரி மூணுக்குக் கீழ இருந்தாத்தான் வறட்சிப் பட்டியல்ல ஊரு வரும், நிவாரணம் கிடைக்கும். அந்த ஆறு கிலோதான் மேடம் ஊரைப் பட்டியலுக்கு வெளிய தள்ளிவிட்டுட்டு."

"அந்த அம்மாவுக்குத் தெரியுமா?"

"நேத்து ஊரே ஆபீசுக்கு வந்துட்டு. 'எங்க வச்சு அளந்தீரு?'ன்னு கேட்டாங்க. நான்..." பலவேசம் எண் புத்தகத்தைப் பார்த்தார். "புத்தகம் சொன்ன இடத்துலன்னு சொல்லிட்டேன். அந்த அம்மாவும் அங்கதான் நின்னா. என்னைக் காட்டிக்குடுக்கல. 'உன் வயல்லதான் ஆறு கிலோ'ன்னு ஊரு அவளைத்தான் ஏசுது."

அவருக்கு அழக்கூட வெட்கமாக இருந்தது. இருபது வருட வயல்காட்டு அனுபவத்தையும் வைத்துக்கொண்டு, ஒரு ஏழைப் பொம்பளையின் மௌனத்துக்குப் பின்னால் போய் ஒளிந்தவர் அவர்.

"திங்கக்கிழமை பட்டியல் மேல போகுது மேடம். இதைத் திருத்த ஏதாவது சூத்திரம் இருக்கா?"

"இல்ல."

"திரும்ப அளக்கலாம்னா அறுவடையும் முடிஞ்சுபோச்சு. இனி எதை அறுக்க, எதை எடை போட?"

ஜெயசீலி குனிந்து முப்பத்தேழாம் கல்லை எடுத்து, அவர் உள்ளங்கையில் வைத்து மூடினார்.

"அந்த மூலையில அன்னைக்கு மட்டும் அறுக்க என்ன சார் இருந்துது? சைபரை எழுத அறுவடை எதுக்கு?"