பவானி மரகதத்துக்கு நாலு வரி

"குருபரனுக்கு ஆறு வரி எழுதறீங்க. எனக்கு ஒரு 'சரி'. இது நியாயமுங்களா அம்மா?"

சிங்காரவேலு நின்றபடியே கேட்டார். உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை.

பூங்காவனத்தம்மாள் முருங்கைக் கீரையை உருவிக்கொண்டிருந்தார். கை நிற்கவில்லை.

"நீங்க என்ன எழுதியிருந்தீங்ணா?"

சிங்காரவேலு போனைத் திறந்து பார்த்தார்.

'கேஸ் சிலிண்டர் வந்துருச்சுங்கம்மா.'

அதற்குக் கீழே, 'சரிங்ணா.'

"கேஸ் வந்துருச்சுன்னா சரின்னுதானுங்ணா சொல்ல முடியும்?"

"அந்தாளுக்கு மட்டும்?"

"அவரு ஒண்ணு கேட்டாரு. நீங்க என்ன கேக்கறீங்க?"

சிங்காரவேலுவுக்குக் கேட்க ஒன்று இருந்தது. இரண்டு வருஷமாக இருந்தது.

"மோட்டார்ல சத்தம் வருதுங்," என்றார்.

"சரிங்ணா," என்றார் அம்மாள்.

*

சங்ககிரி மலையடிவாரத்தில் ஒரு தகரக் கொட்டகை. ஒரு சமையற்கட்டு. ஒரு தண்ணீர்த் தொட்டி. ஜனங்கள் அதை மடம் என்பார்கள்.

பூங்காவனத்தம்மாள் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் இருந்து ஓய்வு பெற்றவர். அந்தக் காலத்தில் 'ஹலோ' என்ற ஒரு சொல்லிலேயே ஆளைக் கண்டுபிடித்துவிடுவாராம். அவரைத் தேடி வருகிறவர்கள் நேரில் கேட்பார்கள். வர முடியாதவர்கள் போனில் எழுதிக் கேட்பார்கள். விடிந்து பால் காய்ச்சியதும் உட்கார்ந்து, ஒரு விரலால் தட்டித் தட்டிப் பதில் எழுதுவார்.

சிங்காரவேலு அவரைவிட மூன்று வயது மூத்தவர். முப்பது வருஷம் லாரி எடைமேடையில் வேலை பார்த்தவர். தூரத்தில் வரும் லாரியைப் பார்த்தே எத்தனை டன் என்று சொல்லிவிடுவார். மடத்துச் சாவிகள் மூன்றும் பத்தொன்பது வருஷமாக அவர் இடுப்பில்தான்.

சிங்காரவேலு அவரை 'அம்மா' என்பார். அம்மாள் இவரை 'அண்ணா' என்பார்.

எல்லாம் ஒழுங்காகத்தான் இருந்தது, குருபரன் வரும்வரை.

குருபரன் ஓய்வு பெற்ற தலைமையாசிரியர். போன வருஷம் வந்தார். வந்த முதல் நாளே தன் செருப்பை சிங்காரவேலுவின் செருப்பு மேல் கழற்றிப் போட்டார். கறுப்புச் செருப்பு, இடது வார் பிய்ந்தது. சிங்காரவேலுவுக்கு இன்னும் கண்ணில் நிற்கிறது.

ஞாயிற்றுக்கிழமைகளில் அந்த ஆள் எல்லோர் நடுவிலும் போனை நீட்டிப் பிடித்துப் படிப்பார்.

"இன்னைக்கு அம்மா எனக்கு ஆறு வரி அனுப்பியிருக்காங்க. உங்களுக்கு எப்படி சிங்காரம்?"

"எங்கிட்ட நேர்லயே பேசுவாங்க."

"அடடே. என்ன பேசுனாங்க?"

"மோட்டாரைப் பத்தி."

குருபரன் சிரித்தார். கூட நாலு பேர் சிரித்தார்கள். யார் யார் சிரித்தார்கள் என்று சிங்காரவேலு பார்த்து வைத்துக்கொண்டார்.

*

அன்றைக்கு வீட்டுக்குப் போகும் வழியில் அவருக்கு ஒரு யோசனை வந்தது.

ஊர் பேர் தெரியாத ஒருத்தி எழுதினால் அம்மா எத்தனை வரி எழுதுவார்? எடை போட்டுப் பார்த்துவிட வேண்டியதுதான்.

மனைவி செல்லக்கிளியின் சிம் அவரிடம் இருந்தது. அவள் போய்ச் சேர்ந்து இரண்டு வருஷமாகிறது. அவளுடைய போன் அதற்கு முன்பே தண்ணீர்த் தொட்டியில் விழுந்து செத்துவிட்டது. ஆனால் அந்த நம்பரை மட்டும் அவர் சாகவிடவில்லை. மாதம் தவறாமல் பணம் கட்டி உயிரோடு வைத்திருந்தார். யாரும் அதில் கூப்பிடுவதில்லை. அவரும் யாரையும் கூப்பிடுவதில்லை.

பஸ் ஸ்டாண்ட் போன் கடைக்காரர் அந்த சிம்மை இவருடைய போனிலேயே இரண்டாவதாகப் போட்டுக் கொடுத்தார்.

"ஒரே போன்ல ரெண்டு நம்பருக்கும் மெசேஜ் வரும். இந்த மூலையைத் தொட்டா உங்க நம்பர். மறுபடி தொட்டா இந்த நம்பர். பேரு என்ன போடட்டுங்?"

"மரகதம். பவானி."

"போட்டோ?"

"தாமரைப்பூ போடுங்க."

"பழைய மெசேஜ் ஏதாச்சும் எடுக்கணுங்களா?"

"பழசெல்லாம் தண்ணியோட போச்சு."

*

மறுநாள் காலை மரகதம் எழுதினாள்.

'அம்மா வணக்கம். நான் பவானி மரகதம். உங்களைப் பற்றிக் கேள்விப்பட்டேன்.'

அத்தோடு நிறுத்திக்கொள்ளத்தான் நினைத்தார். விரல் நிற்கவில்லை.

'என் வீட்டுக்காரர் போய் ரெண்டு வருஷம் ஆச்சு. காலைல டீ போட்டா இன்னமும் ரெண்டு டம்ளர் எடுத்து வெச்சுடறேன். அப்புறம் ஒண்ணைத் திரும்பக் கவுத்து வெக்கிறேன். தெனமும் இப்படியே நடக்குது. என்ன பண்றதுங்கம்மா?'



அரை மணியில் பதில் வந்தது.

'ரெண்டுலயும் ஊத்துங்க.
போனவங்களுக்கு ஒண்ணு. இருக்கறவங்களுக்கு ஒண்ணு.
ரெண்டையும் நீங்களே குடிங்க.
ஆற விடாதீங்க.'

சிங்காரவேலு எண்ணினார். ஒருமுறைக்கு இருமுறை எண்ணினார்.

நாலு வரி.

முன்பின் தெரியாத பவானிக்காரிக்கு, எடுத்த எடுப்பில், நாலு வரி!

மறுநாள் காலை டீ போட்டார். கை தானாக இரண்டு டம்ளரை எடுத்து வைத்தது. கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றார்.

ஒன்றைக் கவிழ்த்து வைத்தார்.

யோசனை சொன்னது மரகதத்துக்கு. அவளே குடிக்கட்டும்.

*

ஆனால் மரகதத்தை நிறுத்தவும் முடியவில்லை.

செல்லக்கிளியின் பச்சைப் புடவை கொடியிலேயே கிடந்தது. அதை மடிக்கவும் மனசில்லை, பார்க்கவும் மனசில்லை. மரகதம் எழுதினாள்: 'அவர் சட்டை கொடியிலேயே கெடக்குதுங்கம்மா.'

பதில் வந்தது: 'கெடக்கட்டும். அவசரமில்லை. தாண்டிப் போறப்ப தலையைக் குனிஞ்சுக்காதீங்க. ஒரு தடவை பார்த்துட்டுப் போங்க.'

சிங்காரவேலு பல்லைக் கடித்தார். பத்தொன்பது வருஷத்தில் தனக்கு இப்படி ஒரு சொல் வந்ததுண்டா?

இதற்கிடையில் இரண்டு நம்பரோடு அவர் படாத பாடு பட்டார்.

மூலையில் இருக்கும் படம் கடுகு அளவு. கண்ணாடி போட்டாலும் தாமரையா, தன் முகமா என்று தெரியாது. டிங் என்று சத்தம் வரும். யாருக்கு வந்தது என்று பார்க்க மூலையைத் தொட்டால் மாறிவிடும். மறுபடி தொட்டால் மறுபடி மாறிவிடும். ஒருநாள் போன் ஆறு இலக்க ரகசிய எண் கேட்டது. மறந்துவிட்டார். கடைக்காரரிடம் ஓடினார்.

"எந்த நம்பருக்குங் கேக்குது?"

"அது தெரிஞ்சா நான் ஏன் வரேன்?"

இன்னொரு நாள் தன் நம்பரில் இருந்தே அனுப்பிவிட்டார்: 'பக்கத்து வீட்ல சிரிப்புச் சத்தம் கேட்டா கோவம் வருதுங்கம்மா.' வியர்த்துப்போய் அழித்தார். ஆனால் அழித்த இடத்தில், 'இந்தச் செய்தி நீக்கப்பட்டது' என்று அதுவே ஊருக்குச் சொல்லிக்கொண்டு நின்றது.

அதைவிட மோசம் ஒன்று நடந்தது. வெள்ளிக்கிழமை காலை அவசரத்தில் எழுதினார்: 'மோட்டார் ஓடலைங்கம்மா. தொட்டியில் தண்ணி இல்லை.'

அனுப்பிய பிறகுதான் தாமரையைப் பார்த்தார்.

அழிப்பதற்குள் பதில் வந்துவிட்டது.

'வயரை எலி கடிச்சிருக்கும். சுவரோரமாப் பாருங்க. பாத்து, செருப்புப் போட்டுட்டுத் தொடுங்க.'

மடத்து மோட்டார் ரூமில் போய்ப் பார்த்தார். எலிதான் கடித்திருந்தது.

வயரைச் சேர்த்து முறுக்கும்போது அவருக்கு உடம்பெல்லாம் எரிந்தது. நான் எழுதினால் 'சரிங்ணா'. பவானியில் எவளோ ஒருத்தி வீட்டில் மோட்டார் நின்றால், எலி, சுவரோரம், செருப்பு! காலில் செருப்பு இருக்கிறதா என்றுகூடக் கவலை!

குருபரன் மேல் இருந்த கோபம் எங்கே போனது என்றே தெரியவில்லை. அந்த ஆள் ஆறு வரி வாங்கினால் வாங்கிக்கொள்ளட்டும். அவராவது நேரில் வருகிறார், செருப்பைப் போடுகிறார், சண்டை பிடிக்கலாம். இந்த மரகதத்தை என்ன செய்வது?

ஞாயிற்றுக்கிழமை குருபரன் வழக்கம்போல் கேட்டார்.

"எனக்கு ஏழு வரி. உங்களுக்கு சிங்காரம்?"

"உமக்கு மேல ஒருத்தி இருக்கா, தெரியுமாய்யா?"

"யாரது?"

"போய்யா."

*

திங்கட்கிழமை நாலு மணிக்கு சிங்காரவேலு மடத்துக்கு வந்தார். இடுப்பில் இருந்த சாவிக் கொத்தை அவிழ்த்தார். அம்மாள் முன்னால் வைத்தார்.

"கேட் சாவி. ஸ்டோர் சாவி. மோட்டார் ரூம் சாவி. மூணும் இருக்குதுங். பார்த்துக்கங்க."

"எங்கீங்ணா கெளம்பிட்டீங்க?"

"இனி நான் எதுக்குங்? அந்தப் பவானிக்காரியையே வரச் சொல்லுங்க. அவ பூட்டட்டும், அவ தெறக்கட்டும்."

"எந்தப் பவானிக்காரி?"

சிங்காரவேலு நாக்கைக் கடித்துக்கொண்டார். ஆனால் வாயைவிட்டுப் போய்விட்டது.

"அதான்... மரகதம்னு ஒருத்தி. தெனமும் நாலு வரி எழுதறீங்களாமே."

"யாரு சொன்னாங்க?"

"கேள்விப்பட்டனுங்."

அம்மாள் சாவிக் கொத்தைப் பார்த்தார். அவரைப் பார்த்தார். எழுந்து சமையற்கட்டுக்குள் போனார்.

அடுப்புப் பற்ற வைக்கும் சத்தம் கேட்டது.

திரும்பி வந்தபோது ஒரு கையில் டீச் சட்டி. மறு கையில் இரண்டு டம்ளர். இரண்டையும் சிங்காரவேலுவின் முன்னால் வைத்தார். இரண்டிலும் ஊற்றினார்.

"உங்களுக்குங்கம்மா?"

"எனக்கு வேண்டாங்ணா. நான் குடிச்சுட்டேன்."

"நான் ஒருத்தன்தானுங்களே இருக்கறேன்."

அம்மாள் இரண்டையும் அவர் பக்கம் நகர்த்தினார்.

சிங்காரவேலு இரண்டு டம்ளரையும் மாறி மாறிப் பார்த்தார். இருந்தாலும் வந்த காரியத்தை விடவில்லை.

"அந்த மரகதத்துக்கு அப்படி என்னங்கம்மா ஒசத்தி? பத்தொன்பது வருஷமா இங்கயே கெடக்கறவனுக்கு இல்லாதது?"

"மரகதம்னு எனக்கு ஆருமே தெரியாதுங்ணா."

"பொய் சொல்லாதீங்க."

அம்மாள் தன் போனை எடுத்தார். எதையோ தேடித் திறந்தார். டம்ளர்களுக்குப் பக்கத்தில், அவர் பார்க்கிற மாதிரித் திருப்பி வைத்தார்.

சிங்காரவேலு கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்தார்.

தாமரைப்பூ இருந்தது. டம்ளர் இருந்தது. சட்டை இருந்தது. மோட்டார் இருந்தது. எல்லாவற்றுக்கும் மேலே, மரகதம் என்று இருக்க வேண்டிய இடத்தில், அம்மாள் என்றைக்கோ பதிந்து வைத்த பெயர் இருந்தது.

'செல்லக்கிளி. சிங்காரண்ணன் வீடு.'

அவர் திரையைத் தள்ளி மேலே போனார்.

'அம்மா வணக்கம். நான் பவானி மரகதம்.'

அதற்கும் மேலே இன்னும் இருந்தது. இரண்டு வருஷத்துக்கு முந்தையது, செல்லக்கிளி மடத்தில் சமைத்தபோது எழுதியது.

'இன்னைக்கு எத்தனை பேருக்கு அரிசி போடட்டுங்கம்மா?'

அதற்குக் கீழே கடைசியாக ஒன்று.

'அவருக்கு ரெண்டு நாளா சளிங்கம்மா. மோட்டார் ரூமுக்கு அனுப்பாதீங்க. நான் சொன்னேன்னு சொல்லாதீங்க. கோவிச்சுக்குவாரு.'

'சரி செல்லா,' என்று அம்மாள் எழுதியிருந்தார்.

சிங்காரவேலு நிமிரவில்லை. கண்ணாடியில் ஆவி படிந்திருந்தது. டீயின் ஆவிதான் என்று வைத்துக்கொள்ளலாம்.

அம்மாள் கீரைத் தட்டை மடியில் எடுத்து வைத்துக்கொண்டார்.

"ரெண்டும் ஆறுதுங்ணா."