வாத்தியார் தினமும் நடந்த பாலம்

எங்கள் திருச்சியில் ஏகாம்பரம் என்று ஓர் ஆங்கில வாத்தியார். லண்டனில் ஒன்பது வருஷம் இருந்ததாகச் சொல்லிக்கொண்டு, வெளிநாடு போகப் படிக்க வந்த நர்ஸுகளை அவர் படுத்திய பாடு கொஞ்சமா?

பத்து வருஷம் நோயாளிகளைத் தூக்கி நிறுத்திய ரெக்ஸ்லினை ஒருநாள் எல்லார் முன்னாலும் எழுப்பினார்.

"மண்ணச்சநல்லூரைத் தாண்டாத நீயெல்லாம் வெளிநாடா? லண்டனை நேர்ல பார்த்த மாதிரி வர்ணி. இல்லேன்னா உன் சிபாரிசுக் கடிதத்துல கையெழுத்து கிடையாது."

அந்தக் கடிதம் இல்லாவிட்டால் அவளுக்கு லண்டன் வேலை இல்லை. அந்தத் திமிரில்தான் மனுஷன் ஆடினார்.

ரெக்ஸ்லின் நிதானமாக ஆங்கிலத்தில் வர்ணித்தாள். அகலமான ஆறு, நீளமான பாலம், பழைய கோட்டை வாசல், பக்கத்திலேயே உயரமான மாதா கோயில், கால் வைக்க இடமில்லாத கடைத்தெரு.

வாத்தியார் கண்ணை மூடித் தலையாட்டினார். "அதேதான். அந்தப் பாலத்துலதான் ஒன்பது வருஷமும் தினம் நடந்தேன்."

"நானும் இன்னிக்கு அதுமேலதான் பஸ்ல வந்தேன் சார். அது நம்ம காவேரிப் பாலம். அந்த வாசல் மெயின்கார்டு கேட்."

வகுப்பு சிரித்த சிரிப்பில் கையெழுத்து தானாக விழுந்தது.

ரெக்ஸ்லின் லண்டன் போய் ஆறு வருஷமாகிறது. வாத்தியாருக்கு இன்றுவரை பாஸ்போர்ட்டே இல்லை.