கடைப்பையில் பன்னிரண்டு கொட்டை

"மேல் ஏரியோட மடையில விரிசல் விழுந்திருக்கு. பொழுது சாயறதுக்குள்ள இந்தத் திட்டு தண்ணிக்குள்ள போயிடும்!"

ஒரு நாரை இன்னொரு நாரையிடம் இப்படிச் சொல்லிவிட்டுப் பறந்துபோனது. கோரைப்புல்லுக்குள் புழு தேடிக்கொண்டிருந்த சுள்ளி என்ற முள்ளெலியை அது கவனிக்கவே இல்லை. சுள்ளிக்கோ வாயில் இருந்த புழு கீழே விழுந்துவிட்டது.

ஏரியின் நடுவே இருந்த அந்தத் திட்டில்தான் சுள்ளியின் வளை. வளைக்குள் மூன்று குட்டிகள். கண் திறந்து பத்து நாள்கூட ஆகவில்லை. அக்கரை வரை நீந்த அவற்றால் முடியாது. வேறு யாராவது முதுகில் ஏற்றிக்கொள்ளலாம் என்றால், முள் குத்தும். முள்ளைத் தாங்கக்கூடிய முதுகு அந்த ஏரியில் ஒன்றே ஒன்றுதான். அது ஆமையின் ஓடு.

சுள்ளி குட்டிகளை ஓட்டிக்கொண்டு துறைக்கு ஓடியது.

"தலைக்கு ரெண்டு புளியங்கொட்டை. நாலு தலைக்கு எட்டு!" என்றது ஆமை. அந்தக் காட்டில் புளியங்கொட்டைதான் காசு.

"ஆமை மாமா, கையில ஒரு கொட்டைகூட இல்லையே! அக்கரைக்குப் போனதும் தேடித் தர்றேன்."

"காலையிலேர்ந்து எல்லாரும் அதைத்தான் சொன்னாங்க. அக்கரையில கால் பட்டதும் ஆளுக்கொரு பக்கம் ஓடிட்டாங்க. துரத்திப் பிடிக்க நான் என்ன முயலா?"

சுள்ளி தன் கைப்பேசியைத் திறந்து காட்டியது. "என் கடைப்பையில பன்னிரண்டு கொட்டை இருக்கு மாமா. பாருங்க!"

உண்மையிலேயே இருந்தது. போன மாதம் சுள்ளி அதே திட்டின் மேட்டில் இருந்த குரங்கின் கடையில் குட்டிகளுக்கு ஒரு போர்வை கேட்டிருந்தது. வந்ததோ யானைக்கு அளவெடுத்த போர்வை. திருப்பிக் கொடுத்தபோது குரங்கு கொட்டையைக் கையில் தரவில்லை. கைப்பேசியில் இருந்த கடைப்பையில் எண்ணாகப் போட்டுவிட்டது. அந்த எண்ணைக் கொண்டு குரங்கின் கடையில் மட்டுமே பொருள் வாங்கலாம்.

"அந்தக் கடையில எனக்கு என்ன இருக்கு? பாசி விக்கிறானா? கையில குலுங்குற கொட்டை கொண்டு வா. தண்ணி அந்தப் பாறையைத் தொடுற வரைக்கும்தான் நிப்பேன்" என்றது ஆமை.

பாறைக்கும் தண்ணீருக்கும் நடுவே ஒரு முழம் மண் மிச்சமிருந்தது.

"என்ன தங்கச்சி, இவ்வளவுதானா உன் கவலை?"

சுள்ளி திரும்பிப் பார்த்தது. பாறை மேல் நரி நின்றுகொண்டிருந்தது. கழுத்தில் ஒரு துணிப்பை தொங்கியது.

"உன் கடைப்பையில இருக்கற பன்னிரண்டை எனக்குக் கொடு. இந்தப் பையிலேர்ந்து எட்டு கொட்டையை உன் கையில வைக்கிறேன். நாலு எனக்குக் கூலி. சரிதானே?"

"சரி அண்ணே, சரி! இப்பவே கொடுங்க!"

"அவசரப்படாதே. உன் கைப்பேசிக்கு நாலு இலக்கத்துல ஒரு ரகசிய எண் வரும். அதைச் சொன்னாத்தான் உன் கடைப்பை எனக்குத் திறக்கும். சொல்லு, போதும்."

நரி தன் கைப்பேசியில் எதையோ தட்டியது. சுள்ளியின் கைப்பேசி சிணுங்கியது. எண் வந்தது. அதன் கீழேயே 'இதை யாரிடமும் சொல்லாதீர்கள்' என்றும் எழுதியிருந்தது. சுள்ளி தயங்கியது. அதற்குள் கடைசிக் குட்டியின் காலைத் தண்ணீர் நனைத்தது. "அம்மா, குளிருது!" என்று அது கத்தியது.

"ஏழு..." என்றது சுள்ளி. "நாலு..."

"ம், ம்! அப்புறம்?" என்று நரி பாறையிலிருந்து துள்ளிக் குதித்தது. கழுத்துப் பை அதன் நெஞ்சில் மோதியது.

டொக்!

சுள்ளியின் வாய் அப்படியே நின்றுவிட்டது. பல்லாங்குழி ஆடிப் பழகிய காது அதனுடையது. புளியங்கொட்டை கலகலவென்று பேசும். டொக் என்று சொல்வது கூழாங்கல்.

"அண்ணே, பையைக் கொஞ்சம் அவிழ்த்துக் காட்டுங்க."

"நம்பிக்கை இல்லையா தங்கச்சி? தண்ணி ஏறுது பார்! இன்னும் ரெண்டே எண்தான்!"

"அவிழ்த்துக் காட்டுங்க. சொல்றேன்."

"பிள்ளைங்க உயிரைவிட உனக்கு என் பை பெரிசாப் போச்சா?"

திட்டில் கொட்டை கைமாறும் இடம் ஒன்றுதான் இருந்தது. சுள்ளி குட்டிகளை ஆமையின் அருகே நிறுத்திவிட்டுக் குரங்கின் கடையை நோக்கி ஓடியது.

கடையில் குரங்கு மூட்டை கட்டிக்கொண்டிருந்தது. எதிரே ஒரு காட்டுப்பன்றி கிழங்குக் கூடைக்கு விலை பேசிக்கொண்டிருந்தது. அதன் முன்னால் ஒரு கொட்டாங்கச்சி நிறையப் புளியங்கொட்டை!

"கூடை பன்னிரண்டு கொட்டை. ஒண்ணுகூடக் குறையாது" என்றது குரங்கு.

"பன்றி அண்ணே!" என்று சுள்ளி மூச்சு வாங்கியது. "அந்தக் கூடையை என் கடைப்பையிலேர்ந்து நான் வாங்கித் தர்றேன். நீங்க எனக்கு எட்டு கொட்டை கொடுத்தாப் போதும்."

பன்றி சந்தேகத்தோடு முகர்ந்து பார்த்தது. "இதுல என்ன சூது?"

"சூது இல்லை. கூடை முதல்ல உங்க கைக்கு வரட்டும். அப்புறம் கொட்டை கொடுங்க."

"ஏய், ஏய்!" என்று குரங்கு குறுக்கே பாய்ந்தது. "கடைப்பையில இருக்கறதைக் கொட்டையா மாத்தக் கூடாது!"

"மாத்தித் தரச் சொல்லலையே! கிழங்குதானே வாங்கறேன்? வாங்கின கிழங்கை நான் யாருக்குக் கொடுத்தா உனக்கென்ன?"

குரங்கு தலையைச் சொறிந்தது. பிறகு பன்னிரண்டைக் கழித்துக்கொண்டு கூடையைத் தள்ளியது. சுள்ளி அதை அப்படியே பன்றியின் முன்னால் நகர்த்தியது.

பன்றி கூடையைப் பார்த்தது. சுள்ளியைப் பார்த்தது. "ரொம்ப அவசரத்துல இருக்கே போல. ஆறு தர்றேனே!"

"எட்டு அண்ணே. ஆறுன்னா, என் பிள்ளைங்கள்ல ஒண்ணு இங்கேயே நிக்கணும்."

பன்றி எட்டு கொட்டைகளை எண்ணி ஒரு தேக்கிலையில் வைத்து, தானே மடித்துக் கொடுத்தது.

சுள்ளி துறைக்கு வந்தபோது தண்ணீர் பாறையைத் தொட்டுவிட்டது. ஆமை பாதி உடம்பைத் தண்ணீருக்குள் இறக்கியிருந்தது. குட்டிகள் மூன்றும் பந்தாகச் சுருண்டு ஒன்றோடொன்று ஒட்டிக் கிடந்தன. நரியைக் காணவில்லை.

"மாமா, நில்லுங்க!"

தேக்கிலை ஆமையின் முன்னால் விரிந்தது. கொட்டைகள் கலகலவென்று உருண்டன. ஆமை ஒவ்வொன்றாக எண்ணியது. எட்டு! கழுத்தை உள்ளே இழுத்து ஓட்டைத் தாழ்த்தியது. சுள்ளி குட்டிகளை ஒவ்வொன்றாக மூக்கால் தள்ளி ஏற்றிவிட்டுத் தானும் ஏறிக்கொண்டது. ஆமை அக்கரையை நோக்கி நீந்தத் தொடங்கியது.

எவ்வளவு அவசரமானாலும், தன் பையைத் திறந்து காட்டாதவனிடம் நம் ரகசியத்தைத் திறந்து காட்டக் கூடாது.