கல்யாண முருங்கையா, புரசா?

சாரல் விழும் மலையடிவாரத்தில் வேங்கைக்குளம் என்று ஒரு சின்ன ராஜ்யம். ராஜா பெயர் திருமலைக்கொழுந்து. நல்ல மனுஷர்தான். ஆனால் யாராவது ஏட்டை விரித்து ராகம் போட்டு நாலு வரி படித்துவிட்டால் போதும், அப்படியே நம்பிவிடுவார். சபையில் மந்திரியாக இருந்த நல்லபெருமாளுக்குப் பாதி வேலை இந்தக் குணத்தால்தான் வந்தது.

அந்த ஆவணியில் இளவரசிக்குக் கல்யாணம். கல்யாண முருங்கைக் கிளையைப் பந்தக்காலாக நட்ட பிறகுதான் மற்ற வேலைகள் நடக்கும். அரண்மனைத் தோட்டக்காரர் உச்சிமாகாளி காலையிலேயே ஒரு கிளையை வெட்டி, மஞ்சள் பூசிக் கொண்டுவந்து வைத்தார்.

"நிறுத்துங்கள்!" என்று ஒரு குரல்.

பஞ்சநத பண்டிதர். ஊருக்குப் புதியவர். சிவப்பாகப் பூக்கும் செடி மரங்களைப் பற்றி நூற்றெட்டுச் சுலோகங்களை மூச்சுவிடாமல் சொல்லி, வந்த ஒரே வாரத்தில் தோட்டத்துக்கே அதிகாரி ஆகிவிட்டவர்.

"மகாராஜா, இது கல்யாண முருங்கை அல்ல. புரசு! குளக்கரையில் நிற்கிறதே, அதுதான் கல்யாண முருங்கை."

உச்சிமாகாளி பதறிப்போனார். "சாமி, இது என் கையால வச்ச மரம். ரெண்டுலயும் மூணு மூணு எலையாத்தான் இருக்கும், ரெண்டும் செவப்பாத்தான் பூக்கும். ஆனா இதுதான் முருங்கை. கிளையில முள்ளு இருக்கு, பாருங்க."

"முள்ளைப் பற்றிச் சுலோகத்தில் ஒன்றுமே இல்லையே!" என்றார் பண்டிதர்.

ராஜாவுக்குக் கோபம் தலைக்கேறியது. "என் மகள் கல்யாணத்தில் அபசகுனமா? உச்சிமாகாளி, பொழுது சாய்வதற்குள் குடும்பத்தோடு எல்லையைத் தாண்டிவிடு!"

உச்சிமாகாளியின் மகள் நிறைமாதமாக இருப்பது நல்லபெருமாளுக்குத் தெரியும். அந்தப் பெண் எந்த எல்லையை எப்படித் தாண்டுவாள்? பண்டிதர் சொன்னது தப்பென்றும் அவருக்குத் தெரியும். ஆனால் எதிர்த்துப் பேசினால் நூற்றொன்பதாவது சுலோகம் வரும். ராஜா அதையும் நம்புவார்.

"பண்டிதர் சொன்னால் சரியாகத்தான் இருக்கும், மகாராஜா" என்றார் நல்லபெருமாள்.

உச்சிமாகாளி அவரை நிமிர்ந்து பார்த்த பார்வையை அவரால் தாங்க முடியவில்லை. முகத்தைத் திருப்பிக்கொண்டு ராஜாவிடம் தொடர்ந்தார்.

"பந்தக்கால் நட மத்தியானம்வரை நல்ல நேரம் இருக்கிறது. அதற்குள் ஒரு சின்ன வேலை. சாரல் தொடங்கியதிலிருந்து தங்களுக்குச் சளி. சளிக்குக் கல்யாண முருங்கை அடை..."

"ஆகா!" ராஜா இருமிக்கொண்டே சிரித்தார். "சின்ன வயதிலிருந்து நான் விரும்பித் தின்பது ஆயிற்றே!"

"பண்டிதர் முருங்கை என்று காட்டிய மரத்தின் இலையைப் போட்டு அடை சுடச் சொல்கிறேன். புரச இலையில் தட்டு தைத்துச் சாப்பிடுவதும் நம் வழக்கம்தானே? பண்டிதர் புரசு என்று சொன்ன இந்தக் கிளையின் இலையிலேயே அவருக்குத் தட்டு தைத்துவிடலாம். முதல் பந்தி அவருக்கும் தங்களுக்கும்."

"எவ்வளவு மரியாதை!" என்று பண்டிதர் பூரித்துப்போனார்.

மடைப்பள்ளிக்குப் போய், இலையை அரைக்காமல் கையால் கிள்ளிப் போடச் சொல்லிவிட்டு வந்தார் நல்லபெருமாள்.

பந்தி தொடங்கியது. ராஜாவுக்கு வாழையிலை. பண்டிதருக்குப் புதிதாகத் தைத்த தட்டு. அடை வந்தது. பண்டிதர் ஒரு வாய் கடித்தார். இழுத்தார். அது வரவில்லை. இரண்டு கையாலும் இழுத்துப் பிய்த்து வாயில் போட்டு மென்றார். மென்றுகொண்டே இருந்தார்.

"எப்படி இருக்கிறது, பண்டிதரே?" என்று கேட்டார் நல்லபெருமாள்.

"ம்... ம்ம்..." பண்டிதர் தலையை ஆட்டினார். வாயைத் திறக்க வழியில்லை.

"தொண்டை அடைக்கிறதோ? அடேய், பண்டிதருக்குச் சோறு போட்டு ரசம் ஊற்று!"

கொதிக்கக் கொதிக்க ரசம் விழுந்தது. சூடு பட்டதும் அந்த மெல்லிய இலைகள் வாடிச் சுருண்டன. தையல் விட்டது. ரசம் முழுக்கப் பண்டிதரின் பட்டு வேட்டிக்குப் போனது.

"ஐயோ! சுடுகிறதே!" பண்டிதர் துள்ளி எழுந்தார்.

ராஜா அதைக் கவனிக்கவில்லை. அவர் தன் அடையோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். "நல்லபெருமாளே, இது என்ன அடை? செருப்பைக் கிள்ளிப் போட்டுச் சுட்டார்களா?"

"இல்லை மகாராஜா, பண்டிதரின் கல்யாண முருங்கையைத்தான் போட்டார்கள். இதையும் கொஞ்சம் ருசி பாருங்கள். இது உச்சிமாகாளி கொண்டுவந்த கிளையின் இலையைப் போட்டுச் சுட்டது."

ராஜா ஒரு விள்ளல் வாயில் போட்டார். அவர் முகம் மலர்ந்தது. இன்னொரு விள்ளல் போனது. பிறகு முழு அடையும் போனது.

"இதுதானய்யா என் அடை!" என்றவர் சட்டென்று நிறுத்தினார். பண்டிதரின் வேட்டியைப் பார்த்தார். நடந்தது என்னவென்று அப்போதுதான் விளங்கியது. "அப்படியானால் பண்டிதர்..."

"தட்டைச் சாப்பிட்டுவிட்டு, அடையில் ரசம் வாங்கியிருக்கிறார் மகாராஜா."

ராஜா சிரித்த சிரிப்பில் இருமலே நின்றுவிட்டது. அப்புறம் அவருக்கு வெட்கமாகவும் இருந்தது. உச்சிமாகாளியைக் கூப்பிட்டு, "நான் அவசரப்பட்டுவிட்டேன், மனதில் வைத்துக்கொள்ளாதே" என்று எல்லார் முன்னாலும் சொன்னார். பந்தக்காலை அவரையே நடச் சொன்னார். தன் தோளில் கிடந்த பட்டுச் சால்வையை எடுத்து நல்லபெருமாளுக்குப் போர்த்தினார்.

வேட்டியைப் பிழிந்துகொண்டே பண்டிதர் முறுக்கிக்கொண்டு சொன்னார்: "இலையை வைத்து யாருக்கும் தடுமாறத்தான் செய்யும். என் சுலோகமெல்லாம் பூவைப் பற்றியது. மாசியில் பூக்கட்டும், அப்போது விருந்து வைத்துப் பாருங்கள். ஒரே பார்வையில் சொல்லிவிடுவேன்!"

"தாராளமாக வாருங்கள், பண்டிதரே" என்றார் நல்லபெருமாள். "ஆனால் வரும்போது கட்டுச்சோறு கொண்டுவந்துவிடுங்கள். பூக்கிற காலத்தில் இரண்டு மரத்திலும் ஒரு இலைகூட இருக்காது. உங்களுக்கு அடையும் கிடைக்காது, தட்டும் கிடைக்காது!"