பத்தொம்பது இஞ்ச் வீலும் பன்னு மாவும்

"மாஸ்டர், எங்காருக்கு எந்த சைஸ் வீலு சரிங்க?"

நஞ்சப்பன் வந்து நின்ன எடம் எஸ்தர் மாஸ்டரோட வீல் கடை. கோயமுத்தூர் அவினாசி ரோட்டுல கார் கிறுக்கு புடிச்ச அத்தனை பேருக்கும் அது கோயில் மாதிரி. மாஸ்டருக்கு முப்பத்தொரு வயசு. இன்ஜினியருக்குப் படிச்சவங்க, கார் பந்தயத்துல கப்பு கப்பா ஜெயிச்சவங்க. அந்தக் கப்புலதான் இப்ப நட்டும் போல்ட்டும் கெடக்குது.

நஞ்சப்பனுக்கு அம்பது தாண்டியாச்சு. சொந்தமா பேக்கரி. மனுசனுக்கு இருந்தது ரெண்டே ஆசை. ஒரு ஸ்போர்ட்ஸ் செடான் வாங்கணும். எஸ்தர் மாஸ்டர்கிட்ட வீலு மாட்டற வித்தையைக் கத்துக்கணும். மொத ஆசை செவப்புக் கலர்ல வெளிய பளபளன்னு நிக்குது.

மாஸ்டர் கடலைய உரிச்சு வாயில போட்டாங்க.

"உங்க காரு. நீங்களே சொல்லுங்கண்ணா. சரியாச் சொல்லிட்டா நீங்க என் சிஷ்யன்."

"தப்பாப் போச்சுன்னா?"

"நல்ல கஸ்டமர்."

அந்த வாரம் பேக்கரியில பன்னு கருகுச்சு. தேங்கா பன்னுல தேங்காயே இல்லன்னு ஜனம் சண்டைக்கு வந்துச்சு. நஞ்சப்பன் காதுல ஒண்ணும் ஏறலை. கேக் டப்பா அட்டையில எல்லாம் வீல் கணக்கு. கம்பெனி குடுத்தது பதினேழு இஞ்ச். அதைக் கழட்டிட்டு பத்தொம்பது போட்டா? டயரோட பக்கச் சுவர் ஒல்லியாயிடும், ஆனா மொத்த உசரம் கிட்டத்தட்ட அப்படியே நிக்கும். வீலை இன்னுங் கொஞ்சம் வெளிய தள்ளினா மேல வளைஞ்சு நிக்கற ஃபெண்டர் தகட்டோட ஓரத்துக்கு நூல் புடிச்ச மாதிரி சமமா வந்துடும். அப்படி ஒரு கார் ரோட்டுல போனா யாரு திரும்பிப் பாக்க மாட்டா?

"பத்தொம்பது, மாஸ்டர்! டயரு அகலம் இருநூத்தி முப்பத்தஞ்சு, பக்கச் சுவரு முப்பத்தஞ்சு!"

"மாட்டிரலாம்," ன்னாங்க மாஸ்டர்.

மாட்டியாச்சு. ஃபெண்டருக்குள்ள டயர் உரசுதான்னு பாக்கறதுக்கு மத்தவங்க களிமண்ணை உருட்டி உள்பக்கமா ஒட்டுவாங்க. ஓட்டிட்டு வந்து பாக்கறப்ப மண்ணு நசுங்காம இருந்தா எடம் இருக்குதுன்னு அர்த்தம். நஞ்சப்பன் களிமண்ணுக்கு எங்க போவார்? பன்னு மாவை உருட்டி ஒட்டினார். ஸ்டியரிங்கை இந்தக் கடைசிக்கும் அந்தக் கடைசிக்கும் ஒடிச்சார். வேகத்தடை, குழி, பாலத்து ஏத்தம், ஒண்ணு விடலை. திரும்பி வந்து குனிஞ்சு பாத்தார்.

"படலை மாஸ்டர்! வெயிலுக்கு மாவு உப்பி வேற இருக்குது, அப்பவும் படலை!"

மாஸ்டர் காரை ஒரு சுத்து சுத்தி வந்தாங்க. நெசமாவே கை தட்டினாங்க.

"அழகுண்ணா. கண்ணு எடுக்க முடியலை."

"அப்ப நான் சிஷ்யனா?"

"இருங்க. இந்தக் காருல யார் யாரு போவீங்க?"

"நாந்தானுங்க."

"வீட்டுல?"

"அவங்க பேக்கரி வேன்லயே போயிக்குவாங்க மாஸ்டர். பழக்கம்தான்."

மாஸ்டர் போனை எடுத்தாங்க. "வசுமதியக்காவா? வீல் கடை எஸ்தர் பேசறேன். அண்ணனோட காரை டெஸ்ட் பண்ணணும். வீட்டுல இருக்கற எல்லாரும் கெளம்பி வாங்க."

நஞ்சப்பனுக்கு ஒண்ணும் புரியலை. வேன் வந்து நின்னப்ப இன்னும் புரியலை. மனைவி வசுமதி எறங்கினாங்க, கல்யாணத்துக்குக் கட்டற மாம்பழக் கலர் பட்டு, தலை நெறைய மல்லிப்பூ. காலேஜ் படிக்கற மக தாரணி, புதுச் சுடிதார். கடைசியா மாமியார் ராமாத்தாள், அவங்களும் பட்டுச்சேலைதான், கையில இந்தப் பெரிய பை.

"பை எதுக்குங்க அத்தை?"

"பழனிக்குத்தானுங்க மாப்பிள்ளை போறோம்?"

"யாரு சொன்னது?"

"காருல ஏறச் சொல்லிக் கூப்புட்டீங்கல்ல? பின்ன எங்க போறது?"

வசுமதி அவர் பக்கத்துல நெருங்கி வந்து மெதுவா சொன்னாங்க. "ஏனுங்க, மொத மொத இதுல ஏறப் போறமா, அதான் கொஞ்சம் நல்லதாக் கட்டிக்கிட்டு வந்தோம். அதிகமாத் தெரியுதா?"

நஞ்சப்பன் இல்லைன்னு தலையை ஆட்டிட்டு பையை வாங்கினார்.

பை டிக்கியில போச்சு. வசுமதி முன்னாடி. பின்னாடி ராமாத்தாள், தாரணி, நடுவுல மாஸ்டர். பின் சீட்டுல கம்பெனி பிளாஸ்டிக் கவர் அப்படியே இருந்துச்சு.

"அப்பா, இதைப் பிச்சுடவா?"

"வேண்டாஞ்சாமி, அழுக்காயிடும்."

மொத வளைவுலயே ராமாத்தாள் இந்த ஓரத்துல இருந்து வழுக்கிக்கிட்டே போயி மாஸ்டர் மடியில விழுந்தாங்க. அடுத்த வளைவுல மாஸ்டரும் சேர்ந்து தாரணி மேல. மூணு பேருக்கும் சிரிப்பு அடங்கலை.

"சறுக்கு மரம் வெச்ச காரு வாங்கியிருக்கீங்க மாப்பிள்ளை!"

நஞ்சப்பனுக்கும் சிரிப்பு வந்துருச்சு. அப்ப வந்துச்சு வேகத்தடை.

கிர்ர்ர்ர்ர்.

நெஞ்சுல உப்புத்தாளை வெச்சுத் தேச்ச மாதிரி இருந்துச்சு அவருக்கு. ஓரங்கட்டி எறங்கி ஓடினார். பின் வீலுக்கு மேல ஒட்டின பன்னு மாவு அப்பளமாட்டம் தட்டையாக் கெடந்துச்சு. பாரத்துக்குக் கார் அமுங்கி, டயர் தேச்ச கறுப்புத் தடம் அதுல.

ராமாத்தாளும் எறங்கி எட்டிப் பாத்தாங்க. "இதுக்குள்ள யாரு பூரி தேச்சு வெச்சது?"

"ஏனுங்க," ன்னாங்க வசுமதி, "நாங்க ஏறினதாலதான் இந்தச் சத்தமா?"

நஞ்சப்பனுக்குப் பொய் சொல்ல வரலை. "ம்."

"அதுக்கு ஏன் மொகத்தை இப்படி வெச்சுக்கறீங்க? நாங்க எறங்கிக்கறோம். போன் பண்ணினா வேன் இப்ப வந்துரும். தாரணி, பையை எடு. உங்கப்பா காரு கெட்டுப்போயிறப் போகுது."

கோவமில்லை, குத்தலில்லை. நெசமாவே அக்கறையாத்தான் சொன்னாங்க. மூணு பேரும் ரோட்டோரம் போயி நின்னாங்க. மாஸ்டர் மட்டும் பின் சீட்டுல அசையலை.

"ஓட்டுங்கண்ணா."

ஓட்டினார். அடுத்த வேகத்தடை. சத்தமே இல்லை.

"நின்னுருச்சுங்க மாஸ்டர்."

"ஆமாண்ணா. நின்னுருச்சு."

"வெண்ணெய்யாட்டம் போகுது."

"போகுது."

கண்ணாடியில பாத்தார். பட்டுச்சேலையோட வெயில்ல நிக்கறாங்க. மூஞ்சியத் தூக்கி வெச்சிருந்தாக்கூட அவரால தாங்கியிருக்க முடியும். தாரணி போனைத் தூக்கிப் புடிச்சு, கார் போற அழகை வீடியோ எடுத்துக்கிட்டு இருக்கா. வசுமதி சந்தோசமா கையாட்டறாங்க. ராமாத்தாள் பை மேல உக்காந்து, ரோட்டுல போறவன்கிட்ட கையக் காட்டி என்னமோ சொல்றாங்க. எம் மாப்பிள்ளை காருன்னுதான் சொல்லியிருக்கணும்.

நஞ்சப்பன் பிரேக்கை அமுக்கினார். அப்புறம் ரிவர்ஸ் போட்டார், கொஞ்ச நஞ்சமில்லை, அவ்வளவு தூரமும் பின்னாலயே வந்தார்.

"ஏறுங்க எல்லாரும்."

"சத்தம் வருமேங்க?"

"வரட்டும்."

கிர்ருகிர்ருன்னு கத்திக்கிட்டே, நத்தையாட்டம் ஊர்ந்து கடைக்கு வந்து சேர்ந்துச்சு கார். நஞ்சப்பன் எறங்கினதும் எதையும் எழுதலை, எதையும் கூட்டிக் கழிக்கலை.

"பதினெட்டு மாட்டலாமுங்க மாஸ்டர். டயரு இருநூத்தி இருபத்தஞ்சு, நாப்பது. ஃபெண்டருக்கு ஒரு வெரல் அகலம் உள்ளயே நிக்கட்டும்."

"ஒரு இஞ்ச் கொறையுதேண்ணா. திரும்பிப் பாக்கறவங்களும் கொறைவாங்க."

"கொறையட்டுமுங்க."

"மாவு ஒட்டலையா?"

"மாவு எதுக்குங்க? எங்க அத்தை இருக்காங்கல்ல. லேசா உரசினாக்கூட ஊருக்கே சொல்லிருவாங்க."

"கேட்டுச்சுங்க மாப்பிள்ளை!" காருக்குள்ள இருந்து குரல் வந்துச்சு.

மாட்டி முடிச்சதும் நஞ்சப்பன் பின் கதவைத் தொறந்தார். பிளாஸ்டிக் கவரோட ஓரத்தைப் புடிச்சு சர்ருனு ஒரே இழுப்பு. தாரணி விசிலடிச்சா.

மாஸ்டரும் சேர்ந்து அத்தனை பேரும் ஏறினாங்க. அதே வளைவு, அதே வேகத்தடை. நஞ்சப்பன் மூச்சைப் புடிச்சுக்கிட்டு ஓட்டினார். கார் ஏறுச்சு, எறங்குச்சு. கேட்டதெல்லாம் ராமாத்தாள் பேச்சு மட்டும்தான். பழனிக்கு எந்த வழி கிட்டம், தாராபுரமா உடுமலையான்னு அவங்க பாட்டுக்குப் பேசிக்கிட்டே வந்தாங்க.

"உடுமலை வழியே போயிரலாமுங்க அத்தை," ன்னார் நஞ்சப்பன்.

வசுமதி திரும்பி அவரைப் பாத்தாங்க. "நெசமாவா?"

"பை கட்டிட்டு வந்துட்டாங்கல்ல?"

பின்னாடி ஒரே கூச்சல்.

திரும்பி வந்து கடை வாசல்ல மாஸ்டரை எறக்கி விட்டாங்க. நஞ்சப்பன் என்ஜினை நிறுத்தலை, கண்ணாடியை மட்டும் எறக்கினார். அம்பது தாண்டின மனுசன், ரிசல்ட்டு பாக்க வந்த பையனாட்டம் கேட்டார்.

"மொதல்ல சொன்ன சைஸு தப்பாப் போச்சுங்க மாஸ்டர். அப்ப நான் கஸ்டமர்தானா? இல்ல, நாளைக்குக் கத்துக்க வரலாமா?"

மாஸ்டர் குனிஞ்சு பின் வீலைப் பாத்தாங்க. பின் சீட்டைப் பாத்தாங்க. கதவை நல்லா அழுத்திச் சாத்தினாங்க.

"வாங்கண்ணா," ன்னாங்க. "தனியா மட்டும் வராதீங்க."